ஜெர்மனியில் முதல் பதினெட்டு மாதம்: வீடு நமக்காக எடுத்த முடிவுகள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே பெயரில் சிக்கல் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பட்டச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். ஜெர்மனியில் இறங்கியதும் கடிதம், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் அப்பா பெயருக்கு முன்னால் 'ஹெர்' (திரு) அல்லது 'ஃப்ராவ்' (திருமதி) போட்டு வரும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அப்பாவைக் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து போக வேண்டும்.

இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு. ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் இந்தச் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்குக் கட்டாயம். பெயர் எழுதிய விதம் மாறியிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அறைக்குக் குடிபோன அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலான ஜெர்மன் முகவரிகளில் கட்டட எண்தான் இருக்கும், ஃபிளாட் எண் இருக்காது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் வரி எண்ணும் தபாலில்தான் வரும் என்பதால் ஒரு சின்னக் காகிதம் ஒட்டாததற்கு இரண்டு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

வெளிநாடு போனால் ஆளே மாறிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வது உண்மைதான். ஆனால் கோட்டையையும் பனியையும் பார்த்து யாரும் மாறிவிடுவதில்லை. என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று வீடும் தெருவும் நமக்காக எடுத்துக்கொண்டிருந்த நூறு சின்ன முடிவுகள் ஒரே வாரத்தில் நம் கைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இது எனக்குப் பிடித்ததா, பழகிப்போனதா என்ற கேள்வியும் கூடவே வரும். 2018-ல் ஹாஜோ ஆடமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் கண்டது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிய தெளிவு கூடியிருந்தது. எத்தனை நாடுகளில் இருந்தார்கள் என்பதைவிட எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதே அதில் கணக்குக்கு வந்தது. பத்து நாளில் ஆறு நகரம் பார்க்கும் சுற்றுலாவில் இது நடக்காததற்குக் காரணம், அங்கே சமையலும் துவைப்பும் குப்பையும் வேறொருவர் பொறுப்பில் இருப்பதுதான்.

முதல் இரண்டு வாரம் முழுக்கக் காகித வேலை. விசாவுக்காகப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில், அதாவது ஷ்பெர்கோன்டோவில், ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். மாதம் 992 யூரோ வீதம் வெளியே வரும். ஆனால் ஜெர்மனியில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து அதை இணைத்த பிறகுதான் முதல் தவணை வரும், அதற்குச் சில வாரம் ஆகலாம். அதற்குள் அறைக்கு முன்பணம் கேட்பார்கள். முன்பணம் சட்டப்படி சுத்த வாடகையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சூடேற்றும் செலவும் தண்ணீரும் சேராத வாடகைக்குக் 'கால்ட்மீட்டே' என்று பெயர், அவை சேர்ந்தது 'வார்ம்மீட்டே'. 400 யூரோ கால்ட்மீட்டே என்றால் முன்பணம் 1,200 வரை போகும். அதனால் முடக்கக் கணக்கைத் தவிர, உடனே எடுக்கக்கூடிய 1,500 முதல் 2,000 யூரோ பயண அட்டையில் இருக்கட்டும். அறையை நேரிலோ நம்பகமான ஆள் மூலமோ பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டதும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதம் இல்லாமல் பதிய மாட்டார்கள், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. ஆகவே அறை பேசும்போதே "பதிய அனுமதி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. வரி எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் முதலாளி மிக உயர்ந்த வரி வகுப்பில் பிடிப்பார். அடுத்த ஆண்டு கணக்குக் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். பதிந்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதோ இல்லையோ, ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ. பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், ஆனால் மற்றவர்கள் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். குப்பை விளம்பரம் என்று நினைத்து வீசினால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

ஊரில் இதெல்லாம் அப்பாவோ மாமாவோ 'தெரிந்தவர்' ஒருவரோ பார்த்துக்கொள்ளும் வேலை. இங்கே தெரிந்தவர் கிடையாது, டெர்மின் உண்டு. முன்பதிவு நேரத்துக்குத்தான் அந்தப் பெயர். யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஓர் அரசு அலுவலகத்தில் தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு வெளியே வரும் முதல் நாள், பலருக்கு வாழ்க்கையில் அப்படியொரு முதல் நாள். எல்லாக் கடிதத்தையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மூன்று ஆண்டு கழித்தும் கேட்பார்கள்.

சமையலறையில்தான் ஆளின் நிறம் தெரியும். நம் மிக்சி ஜெர்மனியில் ஓடும், இரு நாட்டிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் பிளக் பொருந்தாது. எர்த் இணைப்போடு கூடிய மாற்றி வேண்டும். அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடாகாது. அடி தட்டையான, இண்டக்‌ஷன் முத்திரை உள்ள எவர்சில்வர் குக்கர் 3 லிட்டரில் ஒன்று போதும். இட்லி மாவுக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்ற கணக்கில் மாற்றமில்லை. சென்னையில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு 19 டிகிரி அறையில் மறுநாள் ஆனாலும் அசையாது. அடுப்பின் கீழுள்ள ஓவனைச் சூடேற்றாமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடினால் 12 முதல் 16 மணி நேரத்தில் புளிக்கும். மாவை இரவு 10 மணிக்கு முன்பே அரைத்துவிட வேண்டும். 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அப்படியே. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டுவிட்டுத்தான் மிளகாயைப் போட வேண்டும். சில விடுதிகளில் புகை எச்சரிக்கைக் கருவி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இதைவிடப் பெரிய செலவு பூஞ்சைக் காளான். நம் சமையலில் ஆவி அதிகம். துணியை அறைக்குள் காயப்போடுகிறோம், குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைக்கிறோம். ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, மூன்றே வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி தெரியும். வீடு காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். ஜன்னலைப் பாதி சாய்த்து வைப்பதால் சுவர்தான் குளிரும். ஒரு நாளைக்கு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம், முழுக்கத் திறந்து மூடுங்கள். ஜெர்மானியர்கள் இதற்கு 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் திறக்க வேண்டும். சூடேற்றியின் திருகில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அதிகம்தான் சூடாகும்.

சேர்ந்து வாழும் வீட்டில் குளிர்பதனப் பெட்டிமேல் ஒரு துப்புரவு அட்டவணை ஒட்டியிருக்கும், புட்ஸ்பிளான். இந்த வாரம் கழிவறை, அடுத்த வாரம் சமையலறை, அதற்கடுத்து குப்பை. மஞ்சள் தொட்டியில் பிளாஸ்டிக், தகர உறைகள், நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறிக் கழிவு, மீதி கறுப்பில். நகரத்துக்கு நகரம் நிறம் கொஞ்சம் மாறும். கண்ணாடிப் புட்டியை நிறம் பிரித்துத் தெருமுனைப் பெட்டியில் போடுவது ஞாயிறு அன்று கூடாது. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள ஊரில் குழாயிலும் கழிவறையிலும் வெள்ளைப் படலம் கட்டும், சிட்ரிக் அமிலம் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தால் போகும். இந்த அட்டவணையைப் பார்த்து முகம் சுருங்கும் ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழிவறை கழுவுவது தாழ்ந்த வேலை என்று வாயால் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் 22 ஆண்டு அதைச் செய்யாமலே வளர்ந்த கை, பிரஷ்ஷைத் தொடும்போது தயங்கும். ஊரில் அந்த வேலையை யார் செய்தார்கள், ஏன் அவர்களே செய்தார்கள் என்று அந்த நேரத்தில் யோசிக்கத்தான் வேண்டும். வெளிநாடு போய் வந்து மாறிவிட்டான் என்று சொல்லத்தக்க மாற்றம் பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பேச்சில் வரும் அடி வேறு மாதிரி. நம் வீட்டுக்கு வந்தவர் முதல் முறை "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பார். நாம் மறுபடி கேட்போம், மூன்றாவது முறை தட்டு வைத்துவிடுவோம். ஜெர்மனியில் ஒரு முறை வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், இன்னொரு முறை கேட்பது உங்கள் சொல்லை மதிக்காதது போல. பசியோடு திரும்பாமல் இருக்க முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லுங்கள். அதேபோல "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்று நாம் நாசூக்காகச் சொல்லும் மறுப்பை அவர்கள் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் காத்திருப்பார்கள். வர முடியாது என்றால் "மன்னிக்கவும், வர முடியாது" என்று முதல் நாளே எழுதிவிடுங்கள், காரணம் ஜோடிக்க வேண்டாம். முதலில் இது கல் மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்து, ஊரில் எத்தனை விஷயத்துக்கு மனமில்லாமல் தலையாட்டியிருக்கிறோம் என்று கணக்குப் போடத் தொடங்குவீர்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் புதிதில்லை. ஜெர்மனில் 'டூ', 'சீ'. மாணவர்களுக்குள் 'டூ'. பேராசிரியர், அலுவலர், வீட்டுக்காரரிடம் 'சீ'. மூத்தவர் தானாக 'டூ' சொல்லலாம் என்று சொன்ன பிறகே மாற வேண்டும். நமக்கு இல்லாமல் போவது அண்ணா, அக்கா, சார், மேடம். தெரியாதவரையும் ஒரு சொல்லில் உறவாக்கிக்கொள்ளும் வசதி அது. அது போனபின் ஒருவரிடம் நெருங்க வேறு வழி தேட வேண்டும். அங்கே வழி சங்கங்கள்தான்: பாடகர் குழு, பூப்பந்து, மலையேற்றம். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் ஒரு பருவத்துக்குச் சிறு கட்டணம்தான். பதிவு அக்டோபரில் திறக்கும், பிரபலமான வகுப்புகள் சில நிமிடத்தில் நிரம்பும். ஒரே குழுவுக்கு ஒரே கிழமையில் மூன்று மாதம் விடாமல் போங்கள். ஜெர்மானியர் நட்பு மெதுவாக வேகும் பருப்பு.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. அரியர் வைத்து வைத்துக் கடைசியில் அள்ளிவிடலாம் என்ற பொறியியல் கல்லூரிப் பழக்கம் அங்கே ஆளைக் கவிழ்க்கும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றாவதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறிடத்தில் படிப்பதும் அடைபட்டுப்போகும். தேர்வுக்கு நீங்களே பதிய வேண்டும், தயாராக இல்லையென்றால் கெடுவுக்குள் நீங்களே விலக வேண்டும். இரண்டு தேதியையும் பருவத்தின் முதல் வாரமே நாட்காட்டியில் எழுதுங்கள். முதல் பருவத்தில் ஆறு பாடம் எடுக்காமல் நான்கோடு நிறுத்துவது நல்லது. 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஊரில் முதலிடத்தில் இருந்தவருக்கு 3.3 வரும்போது, மதிப்பெண்ணைக் கழித்தால் நான் யார் என்ற கேள்வி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் இரவில் வரும். அதற்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

குளிர்காலத்துக்குச் செப்டம்பரிலேயே ஆயத்தமாக வேண்டும். டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை 8.15-க்கு விடிந்து மாலை 4-க்கு முன்பே இருட்டிவிடும். சென்னையின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கு வெயிலிலிருந்து தோல் வைட்டமின் டி செய்துகொள்ள முடியாது, கறுத்த தோலுக்கு இன்னும் சிரமம். அந்நாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் அப்படிப்பட்ட நிலையில் நாளுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 அலகு, போதும் என்கிறது. அதற்கு மேல் எடுப்பதானால் ரத்தம் பரிசோதித்து மருத்துவர் சொல்லட்டும். மேகமூட்டமாக இருந்தாலும் காலை 10 மணிவாக்கில் அரைமணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் நேர வேறுபாடு நாலரை மணி, கோடையில் மூன்றரை. குளிர்கால இரவு 9-க்கு மனம் கனக்கும்போது ஊரில் நள்ளிரவு தாண்டி 1.30. யாரையும் எழுப்ப முடியாத அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை 5 மணி என்று வைத்துக்கொண்டால் ஊரில் 9.30, சாப்பிட்டு முடித்து அப்பா அம்மா இருவரும் இருப்பார்கள். தினமும் மூன்று முறை காணொளியில் பேசினால் உடல் ஜெர்மனியிலும் மனம் ஊரிலுமாக ஓராண்டு ஓடிவிடும்.

தமிழ் ஆட்கள் எல்லாப் பெரிய நகரத்திலும் உண்டு. 1980-களிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள்தான் அங்கே மூத்தவர்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002-ல் குடமுழுக்குக் கண்டது, அதன் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். பேசுவதைக் 'கதைக்கிறது' என்றும் ரொட்டியைப் 'பாண்' என்றும் கிளம்புவதை 'வெளிக்கிடுறது' என்றும் கேட்கும்போது, தமிழ் என்றால் நம் மாவட்டத்துத் தமிழ் மட்டும்தான் என்று நினைத்திருந்தது உறைக்கும். போரில் ஊரை விட்டு வந்தவர்களுக்கும், கடன் வாங்கிப் படிக்க வந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பக்கூடிய நமக்கும் வேறுபாடு உண்டு. அவர்கள் கடையில் உளுந்து வாங்கும்போது அது நினைவிருக்க வேண்டும்.

ஆனால் முதல் ஆண்டில் முழுக்கத் தமிழர்களே இருக்கும் வீட்டில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழி வராது. ஆங்கிலவழிப் படிப்புக்கு ஜெர்மன் தேவையில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள், வேலைக்குத் தேவை. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், அந்தக் காலத்தில் ஜெர்மன் புதிதாகத் தொடங்கினால் தாமதம். மூன்றாம் பருவத்துக்குள் பி1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவு ஜெர்மன், என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முயலும் ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஜெர்மன் மாணவருக்கு நீங்கள் வெறும் இந்தியர். அந்தக் கேள்வி இல்லாத அறையில் முதன்முறை உட்காரும்போது சிலருக்கு மூச்சு லேசாகும். சிலருக்கு எதையோ இழந்ததுபோல இருக்கும். இரண்டில் எது உங்களுக்கு வந்தது என்று உங்களுக்கு நீங்களே ஒளிக்காமல் எழுதி வையுங்கள். வேறு எதையும் குறிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை நான்கு வரி போதும்: இந்த மாதம் எதற்கு ஏங்கினேன், ஏங்குவேன் என்று நினைத்தும் ஏங்காதது எது, யாரிடம் முடியாது என்றேன், யாரும் பார்க்காதபோதும் எதைச் செய்தேன். உதாரணமாக, யாரும் கேட்காமலே வெள்ளிக்கிழமை விளக்கேற்றினீர்களா என்பது அந்த நாலாவது வரியில் வரும்.

வந்த ஆறாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் கடினம். 1955-ல் சுவெரெ லீஸ்கோர்ட், அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே உதவித்தொகையாளர்களை ஆராய்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறியிருந்தார்கள். நடுவில் இறங்கி மறுபடி ஏறும் இந்த வளைவு எல்லாருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. இருந்தாலும் நம் மாணவர்களிடம் இரண்டாவது குளிர்காலம் அப்படித்தான் வருகிறது. புதுமை போயிருக்கும், முதல் பருவத்து நண்பர்கள் வேலைப் பயிற்சிக்காக வேறு ஊர் போயிருப்பார்கள், கடன் வட்டி நினைவுக்கு வரும். இந்த நேரத்தில் படிப்பை விடுவது, ஊரையே வெறுப்பது, அவசரமாகக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பது எல்லாம் நடக்கும். பெரிய முடிவை ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஏக்கம் வேறு, நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், வகுப்புக்கும் போகாமல் திரை மூடிய அறையில் கிடந்தால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை. மாணவர் நல அமைப்புகளில் உளவியல் ஆலோசனை உண்டு, பல இடங்களில் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். முதலில் வீட்டருகே ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்து வையுங்கள், நோய் வந்தபின் தேடினால் புது ஆளைச் சேர்க்க மறுப்பார்கள். இரவிலும் விடுமுறையிலும் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112. மனம் உடைந்த நேரத்தில் பேச 0800 111 0 111, கட்டணமில்லை, பெயர் சொல்லத் தேவையில்லை.

முதல்முறை ஊருக்குத் திரும்பும்போது குடியிருப்பு அட்டையின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் அனுமதி பொதுவாகச் செல்லாது. ஊரில் முதல் வாரம் எதையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். குப்பை, ஹாரன், வரிசை எதுவும் வேண்டாம். நீங்கள் மாறியதை நீங்கள் படிப்படியாகப் பார்த்தீர்கள், வீட்டார் ஒரே நாளில் பார்க்கிறார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவ எழுந்தால், "ஏன், நான் இல்லையா?" என்று அம்மாவின் முகம் மாறும். முதல் சில நாள் விட்டுவிடுங்கள். இரண்டாவது வாரம் அவர் கழுவும்போது பக்கத்தில் போய் நின்று துடைத்து அடுக்குங்கள். மூன்றாவது வாரம் அப்பாவையும் கூப்பிடுங்கள்.